இருபதில் எட்டு

கோல்ஃப் மைதானத்தில் முதல் நாள், முதல் கிரீன், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை. குழியிலிருந்து பத்தடி தூரத்தில் என் பந்து நின்றிருந்தது. குனிந்து சரிவைப் பார்த்து, மூச்சை அடக்கிப் பட்டரால், அதாவது பந்தை உருட்டிவிடும் மட்டையால், தட்டினேன். நேராக உருண்டிருக்க வேண்டிய பந்து தத்தித் தத்தி, மேடுபள்ளத்தில் மாட்டிய சைக்கிளைப் போல இடப்பக்கம் சாய்ந்து, குழிக்கு ஓரடி தள்ளி நின்றுவிட்டது. என் கணவர் மண்டியிட்டுப் புல்லைத் தடவிப் பார்த்தார். வரிசை வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் மணல். ஒன்றில் சுண்டுவிரலை விட்டு எடுத்து, நகத்தில் ஒட்டிய மணலை என்னிடம் காட்டிக் கேட்டார்: "இதுக்கா எட்டு மாசம் காத்துக்கிட்டு இருந்தோம்?"

அவர் கேட்டதில் வெறும் வியப்புதான் இருந்தது என்பது இப்போது தெரிகிறது. அன்று எனக்கு அது குத்தலாகவே கேட்டது. மைதானத்தைத் தேர்ந்தெடுத்தவள் நான், தேதியைக் குறித்தவள் நான், எட்டு மாதமாக வீட்டில் அதன் புகழ் பாடிக்கொண்டிருந்தவளும் நான்தான். ஆகவே அந்த மணல் என்னுடைய குற்றமாகிவிட்டது. அடுத்த மூன்று குழிகளுக்கு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அந்தத் துளைகளில் எந்தத் தவறும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நாள்தோறும் நூற்றுக்கணக்கான காலடிகள் பட்டு கிரீனின் மண் இறுகிவிடும். புல்லுக்கு அடியில் செத்த வேரும் தண்டும் பஞ்சு மாதிரிப் படியும். நீரும் காற்றும் வேருக்கு இறங்காது. அதனால் புல் நன்றாக வளரும் பருவமாகப் பார்த்து, ஆண்டுக்கு ஓரிரு முறை எந்திரத்தால் மண்ணைச் சிறு சிறு உருளைகளாகப் பிடுங்கி எடுத்து, அந்த இடத்தை மணலால் நிரப்புவார்கள். ஏரேஷன் என்று இதற்குப் பெயர். ஒன்றிரண்டு வாரங்களில் புல் மூடிக்கொண்டு, கிரீன் முன்பைவிட நன்றாகிவிடும். இதைச் செய்யாத மைதானம்தான் மோசமான மைதானம். பெரும்பாலான இடங்களில் இதற்கான தேதிகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே முடிவுசெய்துவிடுகிறார்கள். முன்பதிவு செய்யும்போது, "நாங்கள் வரும் வாரத்தில் கிரீன் எப்படி இருக்கும், கடைசியாக ஏரேஷன் எப்போது?" என்று ஒரு வரி கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும். பதினோரு ஆண்டுகளாக ஆடும் எனக்கு இது தெரியாததல்ல. ஆனால் படத்தில் பார்த்த கிரீனுக்கு அப்படியொரு பருவம் வரும் என்று நினைத்துப் பார்க்க மனம் ஒப்பவில்லை.

அந்தப் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கோல்ஃப் மைதானங்களைப் பெரும்பாலும் விடிந்த அரை மணி நேரத்திலோ, பொழுது சாயும் வேளையிலோதான் படமெடுப்பார்கள். வெயில் தாழ்ந்து விழும்போது ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் கிடைக்கும். தரை அலையடிப்பது போலத் தெரியும். நண்பகலில் அதே இடம் தட்டையான பச்சைப் பரப்பு. படத்தில் காற்றும் தெரியாது. நாங்கள் போனது கடலோர மணல்மேட்டு மைதானம், அதாவது லிங்க்ஸ். அங்கே காற்றுதான் பாதி ஆட்டம். படத்தில் கொடி விறைத்துப் பறந்துகொண்டிருந்ததை நான் அழகு என்று எடுத்துக்கொண்டேன்; அது ஒரு எச்சரிக்கை.

மைதானத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. குறை அதனிடம் இல்லை. நாங்கள் வீட்டிலிருந்து இரண்டு வெவ்வேறு பயணங்களுக்குக் கிளம்பி, ஒரே இடத்தில் போய் இறங்கினோம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

என் பயணத்தில் ஐந்து நாளில் நான்கு சுற்றுகள் இருந்தன. அவருடைய பயணத்தில் காலையில் கொஞ்சம் கோல்ஃப், பிறகு கடற்கரை, மாலையில் நீண்ட நடை, இரவில் நிதானமான பேச்சு. "காலையில ஆடிட்டு வந்துடலாம்" என்று அவர் சொன்னபோதெல்லாம் நான் தலையாட்டினேன். "ஆடிட்டு வந்துடறது" என்றால் எவ்வளவு நேரம் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரு சுற்றின் 18 குழிகளை நடந்தே ஆடினால் எட்டு முதல் பத்துக் கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். மைதானம் நிறைந்திருக்கும் நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். முன்னதாகப் போய்ச் சேர்வது, கை கால்களைத் தளர்த்திக்கொள்வது, நாலு பந்து அடித்துப் பார்ப்பது, திரும்பி வந்து குளிப்பது என எல்லாவற்றையும் கூட்டினால் ஆறு மணி நேரம். அதன் பிறகு கடற்கரைக்குப் போகும் உடம்பு எனக்கே இருக்காது. இரண்டு ஆண்டுகள் மட்டுமே ஆடிப் பழகிய அவருக்கு எங்கிருந்து வரும்? அவர் வீட்டருகே ஆடியதெல்லாம் ஒன்பது குழிகள்தான். அதுவும் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த அளவுகோலை வைத்துக்கொண்டுதான் அவர் இந்த ஐந்து நாளையும் மனதில் கட்டியிருந்தார்.

என் அளவுகோலும் கோணல்தான் என்பது பிறகுதான் உறைத்தது. ஹேண்டிகேப் என்பது ஓர் ஆட்டக்காரரின் திறமைக்குத் தரும் எண்; எண் குறையக் குறையத் திறமை கூடுதல். 2020 முதல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில், ஒருவர் கடைசியாக ஆடிய 20 சுற்றுகளில் சிறந்த எட்டை மட்டும் எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். மீதிப் பன்னிரண்டு கணக்கில் வராது. அதாவது ஹேண்டிகேப் என்பது நாம் வழக்கமாக எப்படி ஆடுகிறோம் என்பதன் அளவு அல்ல. நன்றாக ஆடும் நாளில் எப்படி ஆடுவோம் என்பதன் அளவு. என்னுடையது 17. பத்து முறை ஆடினால் இரண்டு மூன்று முறைதான் அந்த எண்ணை எட்டுவேன். மற்ற நாட்களில் அதைவிடச் சில அடிகள் கூடுதலாகத்தான் வரும். கணக்கு அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் முதல் டீயில், அதாவது குழிக்கான முதல் அடியை அடிக்கும் இடத்தில், நிற்கும்போது, 17-ஐ என் உரிமை போலவும், அதற்கு மேல் போகும் ஒவ்வோர் அடியையும் யாரோ என்னிடமிருந்து திருடியது போலவும்தான் நினைத்துக்கொள்கிறேன்.

பயணங்களையும் நாங்கள் இப்படித்தான் கணக்கிட்டு வந்திருக்கிறோம். பழைய பயணங்களில் நினைவில் நிற்பவை சிறந்த எட்டு. ரயிலைத் தவறவிட்டது, தலைவலியோடு படுத்துக்கிடந்தது, எங்கே போவது என்று முடிவாகாமல் அறைக்குள்ளேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது எல்லாம் கழிந்த பன்னிரண்டில் சேர்ந்துவிட்டன. அடுத்த பயணத்துக்குத் திட்டமிடும்போது அந்த எட்டின் சராசரியைக் கையில் வைத்துக்கொள்கிறோம். இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: அவருடைய எட்டும் என்னுடைய எட்டும் ஒன்றல்ல. சில ஆண்டுகளுக்கு முன் போன ஒரு மலைப்பயணத்தில் எனக்கு நினைவிருப்பது விடியலில் ஏறிய சிகரம். அவருக்கு நினைவிருப்பது மழையில் எங்கும் போக முடியாமல் மாடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பகல். அந்தப் பகல் என் கணக்கில் வீணான பகல்.

இரண்டாம் நாளுக்கு வருகிறேன். பயணத்திலேயே மோசமான நாள் அதுதான். அதில் என் பங்கே அதிகம்.

மைதானத்தின் கடினத்தைக் குறிக்க இரண்டு எண்கள் இருக்கின்றன. கோர்ஸ் ரேட்டிங் என்பது கைதேர்ந்த, பூஜ்ய ஹேண்டிகேப் ஆட்டக்காரர் அங்கே எத்தனை அடிகளில் முடிப்பார் என்பதைச் சொல்கிறது. ஸ்லோப் என்பது, சாதாரண ஆட்டக்காரருக்கு அந்த மைதானம் அவரைவிட எவ்வளவு கூடுதலாகக் கடினமாகும் என்பதைச் சொல்கிறது. ஸ்லோப் 55-இலிருந்து 155 வரை போகலாம். 113 என்பது நடுநிலை. நாங்கள் இரண்டாம் நாள் ஆடிய மைதானத்தின் ஸ்லோப் 140-ஐ நெருங்கியது. நான் தர வரிசையைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன், கோர்ஸ் ரேட்டிங்கைக்கூடப் பார்த்தேன், ஸ்லோப்பைப் பார்க்கவில்லை. நேரடியாகச் சொன்னால், அந்த மைதானம் எனக்குக் கடினம். 41 ஹேண்டிகேப் உள்ள அவருக்கோ அது தண்டனை. டீயிலிருந்து ஃபேர்வேயை, அதாவது கிரீன்வரை போகும் வெட்டிய புல்பாதையை, தொடவே காற்றில் 150 கெஜம் கடத்த வேண்டும். இருபுறமும் முழங்காலளவு புல். அடிகளைக் குறிக்கும் சீட்டில் அச்சிட்டிருப்பது ஒரே மைதானத்தின் பெயர்தான். ஆனால் அன்று நாங்கள் இருவரும் வெவ்வேறு மைதானங்களில் ஆடினோம்.

அதற்கு மேல் இன்னொரு பிழையும் செய்தேன். அவரை முன்னால் இருக்கும் குட்டை டீயிலிருந்து ஆடச் சொல்லியிருக்க வேண்டும். அமெரிக்காவில் 2011-இல், அவரவர் அடிக்கும் தூரத்துக்கு ஏற்ற டீயைத் தேர்ந்தெடுங்கள் என்று ஓர் இயக்கமே நடத்தினார்கள்; ஆட்டம் வேகமாகும், மகிழ்ச்சியும் கூடும் என்பது அதன் நோக்கம். முன் டீ என்றால் கௌரவக் குறைவு என்று நினைக்கும் ஆண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என் கணவர் அந்த வகை அல்ல. "எங்கேயிருந்து அடிச்சா என்ன?" என்று கேட்டவர் அவர். "எல்லாரும் ஆடுற இடத்திலிருந்து ஆடினாத்தான் மைதானத்தோட முழு அனுபவம் கிடைக்கும்" என்று சொல்லி அவரைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனவள் நான். முழு அனுபவம் கிடைத்தது. ஆறாவது குழி முடிவதற்குள் ஒன்பது பந்துகள் காணாமல் போயின.

தொலைந்த பந்தைத் தேட விதி தருவது மூன்று நிமிடம். 2019 விதித் திருத்தத்துக்கு முன் ஐந்தாக இருந்தது. அவர் புல்லுக்குள் மட்டையால் விலக்கித் தேடும் அந்த மூன்று நிமிடமும், பின்னால் இடுப்பில் கையை வைத்து நின்றிருந்த நால்வரையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதற்றத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. தலையைத் தூக்காதீங்க. பிடியை இறுக்காதீங்க. தோளைத் திருப்புங்க. ஐந்தாவது அயர்ன் மட்டை எதற்கு, ஏழு எடுங்க. ஒவ்வொன்றும் சரியான ஆலோசனைதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் ஓர் அடிக்கு முன் நாலு சரியான ஆலோசனைகளைக் கேட்டவரால் பந்தைத் தொடவே முடியாது. ஏழாவது டீயில் அவர் மட்டையைப் பையில் போட்டுவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "நீ ஆடு. நான் கூட நடந்து வர்றேன். எனக்கு அதுவே போதும்."

மீதிப் பன்னிரண்டு குழிகளையும் நான் ஆடினேன். அவர் கூடவே நடந்தார், கொடியைப் பிடித்தார், பங்கர் என்ற மணல் பள்ளத்தில் மணலைச் சமன்செய்தார். கேட்காமலே எல்லாம் செய்தார் என்பதுதான் என்னை அதிகம் சங்கடப்படுத்தியது. 17-ஐப் பற்றி நினைக்கவே இல்லை.

அன்றிரவு அறையில் வேறு வேலை இல்லாமல் விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். போட்டி ஆட்டத்தில் சக போட்டியாளருக்கு ஆலோசனை சொல்லக் கூடாது. அடிகளை எண்ணும் ஆட்டத்தில் மீறினால் இரண்டு அடி அபராதம். இது எனக்குப் பழக்கமான விதி. ஆனால் எது ஆலோசனை, எது ஆலோசனை அல்ல என்ற பிரிவை அன்றுதான் நிதானமாகப் படித்தேன். கொடி எவ்வளவு தூரம் என்று சொல்வது ஆலோசனை அல்ல. பங்கர் எங்கே இருக்கிறது, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று சொல்வதும் அல்ல. விதி என்ன என்று விளக்குவதும் அல்ல. இவையெல்லாம் எவருக்கும் பொதுவான தகவல்கள். எந்த மட்டையை எடுக்க வேண்டும், எப்படி அடிக்க வேண்டும் என்று சொன்னால்தான் அது ஆலோசனை. தூரத்தைச் சொல்லலாம், மட்டையைச் சொல்லக் கூடாது.

அதை உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "இதை நம்ம வீட்டுக்கும் சட்டமாக்கிடலாமா?" என்று கேட்டார். வேடிக்கையாகத் தொடங்கியது, பயணத்தின் மீதி நாட்களுக்கு உண்மையாகவே உடன்பாடு ஆகிவிட்டது. மைதானத்துக்குள் மட்டுமல்ல, வெளியிலும். "இன்னும் இருபது நிமிஷத்துல கிளம்பினா டீ டைமுக்குச் சரியா இருக்கும்" என்பது தூரம். "இன்னுமா சட்டை தேடுறீங்க, அந்த நீலத்தைப் போடுங்க" என்பது மட்டை. அவர் பக்கத்திலும் மீறல்கள் இருந்தன: "நாளைக்கு மழை வரும்போல இருக்கு" என்பது தகவல், "நாளைக்கு ஆட வேணாமே" என்பதை அதே குரலில் மழைக்குள் ஒளித்துச் சொல்வது தகவல் அல்ல. நான் அதை உடனே சுட்டிக்காட்டினேன். அந்த விஷயத்தில் நான் கறாரான நடுவர்.

அந்த உடன்பாட்டுக்குப் பிறகுதான், கிளம்புவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான் கேட்டேன்: இந்த ஐந்து நாளில் எது நடக்காமல் போனால் உங்களுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்? ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். அவர் யோசிக்காமல், கடற்கரை ஓரமாக அந்த முனைவரை நடந்து போவது என்றார். எனக்குப் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான்கு சுற்றுகள் என்பது என் பதிலே அல்ல என்று தெரிந்தது. ஒரே ஒரு சுற்று, காற்றில், அவசரமில்லாமல், அவரும் ஆடி முடிப்பதாக ஒரு சுற்று, அவ்வளவுதான். நான்காவது நாளுக்குப் பதிவுசெய்திருந்த சுற்றை அப்போதே ரத்துசெய்தோம்.

இந்தத் தெளிவோடு ஊரைவிட்டுக் கிளம்புபவர்களும் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸில் ஆட வேண்டும் என்பது கோல்ஃப் ஆடும் பலரின் வாழ்நாள் கனவு. அங்கே ஆடுவதற்கான இடங்களில் ஒரு பகுதியை இரண்டு நாளுக்கு முன் குலுக்கல் போட்டுத்தான் ஒதுக்குகிறார்கள். உலகின் மறுகோடியிலிருந்து வந்தவருக்கும் பெயர் விழுந்தால்தான் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டமே கிடையாது. உள்ளூர்க்காரர்கள் நாயோடும் பிள்ளைகளோடும் அந்த ஃபேர்வேயில் நடந்து போவார்கள். இதைத் தெரிந்துகொண்டு போகிறவர், பெயர் விழாவிட்டால் ஞாயிறு மாலையில் அந்தப் புல்மேல் நடந்துவிட்டு வருகிறார். தெரியாமல் ஒரே ஒரு ஞாயிறை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போகிறவரின் நிலைமையை நினைத்தால், எங்கள் மணல் துளைகள் எவ்வளவோ மேல்.

பொருள் சார்ந்த ஏமாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விமானத்தில் அனுப்பிய என் மட்டைப்பை மறுநாள் காலையில்தான் கைக்கு வந்தது. திறந்து பார்த்தால், டீயிலிருந்து தூரமாக அடிக்கும் நீண்ட மட்டையான டிரைவரின் தண்டு தலையோடு சேரும் இடத்தில் முறிந்திருந்தது. தலையைக் கழற்றக்கூடிய டிரைவர்தான். அதைக் கழற்றித் துணியில் சுற்றித் தனியாக வைத்திருக்கலாம்; மிக நீளமான மட்டையைவிட ஓர் அங்குலம் உயரமான கழியைப் பையின் நடுவில் நிறுத்தியிருந்தால் அடி அதன்மேல் விழுந்திருக்கும். இரண்டும் எனக்குத் தெரியும். இரண்டையும் செய்யவில்லை. வாடகை மட்டையோடு ஆடினேன். உண்மையைச் சொன்னால், அதில் என் ஆட்டம் கெடவில்லை. ஆனால் கெட்டதற்கெல்லாம் அதைக் காரணம் சொல்ல முடிந்தது. அந்த வசதிக்கே வாடகை தகும். இடக்கையர்கள் மட்டும் இதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: வாடகைக்கு இடக்கை மட்டை இருக்கிறதா என்று முன்பே கேட்டு, இருக்கிறது என்ற பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் நாள் ஆட்டம் தொடங்கி அரை மணி நேரத்தில் மின்னல் எச்சரிக்கைச் சங்கு ஒலித்தது. நீளமாக ஒரே ஒரு முறை ஒலித்தால், ஆட்டத்தை அக்கணமே நிறுத்த வேண்டும். அடித்துக்கொண்டிருக்கும் குழியைக்கூட முடிக்கக் கூடாது. ஒதுங்குமிடத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். இப்படி மழையில் ஒதுங்கும் வேளையில்தான் தம்பதிகள் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று கதைகளில் வரும். நாங்கள் அப்படி எதுவும் பேசவில்லை. அவருக்குக் காலுறை நனைந்திருந்தது. எனக்குச் சுற்று போனதே என்ற எரிச்சல். ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டு, மழை விட்டதும் அறைக்குப் போய்த் தூங்கினோம். ஒவ்வொரு முக்கால் மணி நேரமும் எதற்காவது பயன்பட்டுத்தான் ஆக வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஓர் எதிர்பார்ப்புதானே.

அன்று மாலை வானம் வெளுத்தபின், தங்குமிடத்துக்குப் பக்கத்தில் இருந்த பட்டிங் பயிற்சித் தரைக்குப் போனோம். அங்கே துளைகள் இல்லை. பெரிய மைதானத்துக்குக் கிடைக்காத கவனம் அந்தச் சின்னத் தரைக்குக் கிடைத்திருந்தது. பட்டிங் மட்டுமே ஒரு முழு விளையாட்டாக இருக்க முடியும் என்பதற்குச் செயின்ட் ஆண்ட்ரூஸிலேயே சான்று உண்டு: அங்கே 'இமாலயாஸ்' என்று அழைக்கப்படும் மேடும் பள்ளமுமான பட்டிங் தரையில், 1867-இல் தொடங்கிய பெண்கள் பட்டிங் கிளப் இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது. எங்களுக்குப் பந்தயம், தோற்றவர் கடைசி நாள் இரண்டு பைகளையும் சுமக்க வேண்டும் என்பது.

என் கணவர் பட்டிங்கில் கெட்டிக்காரர் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. முழு ஆட்டத்தில் கிரீனுக்கு வந்து சேர்வதற்குள் அவர் களைத்துவிடுவார்; பின்னால் நிற்பவர்களை நினைத்து நான் அவசரப்படுத்துவேன்; அவர் ஏதோ தட்டிவிட்டு நகர்வார். இங்கே அவசரப்படுத்த ஆளில்லை. அவர் பந்துக்கும் குழிக்கும் நடுவில் நின்று, காலால் சரிவை உணர்ந்து, ஒரு முறை மட்டையை ஆட்டிப் பார்த்துவிட்டுத் தட்டினார். எட்டடி, ஆறடி, பன்னிரண்டடி என்று பந்துகள் போய் விழுந்துகொண்டே இருந்தன. நான் ஆறடியில் இரண்டைத் தவறவிட்டுவிட்டு முகம் சுளித்தேன். "எத்தனை அடியில விட்டா முகம் சுளிக்கலாம்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த கணக்கைச் சொன்னேன்: அமெரிக்க பிஜிஏ டூரில் ஆடும் தொழில்முறை வீரர்களே எட்டடியிலிருந்து ஏறத்தாழப் பாதியைத்தான் போடுகிறார்கள், இருபதடி என்றால் நூற்றுக்குப் பதினைந்து அளவில்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நீ சுளிக்கிற சுளிப்பெல்லாம் அவங்களுக்கும் மேல இருக்கே" என்றார். தூரத்தைத்தான் சொன்னார். மட்டையைச் சொல்லவில்லை. இரண்டு பைகளையும் நான்தான் சுமந்தேன்.

நான்காம் நாள் கடலோரமாக அந்த முனைவரை நடந்தோம். இரண்டரை மணி நேரம் போக, இரண்டரை மணி நேரம் வர. அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அவர் மகிழ்ச்சியாக இருந்தார், எனக்குப் பாதி வழியில் சலித்தது, மீதி வழியில் சலிக்கவில்லை.

கடைசி நாள் காலையில் ஒன்பது குழிகள் மட்டும் ஆடுவது என்று முடிவுசெய்தோம். 18 ஆடாமல் ஊர் திரும்புவதா என்று எனக்குள் ஒரு குரல் முனகியது. 18 என்பது வானத்திலிருந்து இறங்கிய எண் அல்ல என்று அதற்குப் பதில் சொல்லிக்கொண்டேன். செயின்ட் ஆண்ட்ரூஸில் 22 குழிகளாக இருந்த சுற்றில், 1764-இல் சில குட்டைக் குழிகளை ஒன்றாக்கியதால் கிடைத்த எண் அது. பிறகு உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. அவர்கள் அன்று வேறு விதமாக இணைத்திருந்தால், நான் இன்று வேறோர் எண்ணுக்காக ஏங்கிக்கொண்டிருப்பேன்.

முன் டீயிலிருந்து, ஃபோர்ஸம்ஸ் முறையில் ஆடினோம். இருவருக்கும் சேர்த்து ஒரே பந்து. மாறி மாறி அடிக்க வேண்டும். ஒற்றைப்படைக் குழிகளில் ஒருவர் டீயிலிருந்து தொடங்கினால், இரட்டைப்படையில் மற்றவர். கிளப்புகளில் தம்பதிகளுக்கு இந்த முறையில் போட்டி வைப்பதை விவாகரத்துப் போட்டி என்று கேலி செய்வார்கள். கணவர் புதருக்குள் அனுப்பியதை மனைவி எடுக்க வேண்டும், மனைவி குழிக்கு ஓரடி தள்ளி விட்டதைக் கணவர் முடிக்க வேண்டும் என்றால் கேலி செய்யாமல் என்ன செய்வார்கள்? எங்களுக்கு அது வேறு விதமாக அமைந்தது. ஒருவர் அடிகளைத்தான் மற்றவர் ஆட வேண்டும் என்பதால், தன் கணக்கு என்று வைத்துக்கொள்ள ஒன்றுமே இருக்கவில்லை. என் ஹேண்டிகேப்பும் அவருடையதும் பையிலேயே கிடந்தன. நாலாவது குழியில் அவர் பதினைந்தடியிலிருந்து, மணல் துளைகளின் மேல் தத்தித் தத்திப் போன பந்தைக் குழிக்குள் விழவைத்தார். துளை இல்லாத கிரீனாக இருந்திருந்தால் அது நிச்சயமாக வலப்புறம் விலகியிருக்கும்.

ஒன்பதாவது குழி. டீயிலிருந்து நான் அடித்த பந்து ஃபேர்வேயின் நடுவில் கிடந்தது. இரண்டாவது அடி அவருடையது. காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. தூரமானியைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, "நூத்திமுப்பது கெஜம்" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் பையில் கையை விட்டு ஏழாவது அயர்னை உருவினார். அந்தக் காற்றுக்கு அது போதாது என்பது எனக்குத் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டு கடலைப் பார்த்தேன். அவர் பந்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு முறை மட்டையை ஆட்டிப் பார்த்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்த முறையில நாம பார்ட்னர்தானே? பார்ட்னருக்கு ஆலோசனை சொல்லலாம்னு விதியில இருக்கே?"

"இருக்கு."

"அப்ப சொல்லேன்."

"நீங்க கேக்கலையே."

சிரித்துக்கொண்டே திரும்பி, அதே ஏழாவது அயர்னால் அடித்தார். இந்த ஐந்து நாளில் அவர் அடித்த மிக அழகான அடி அதுதான். உயரே எழுந்து, காற்றில் ஒரு கணம் நின்று, கிரீனுக்குப் பத்துக் கெஜம் முன்னால் இருந்த ஆழமான பங்கருக்குள் நேராகப் போய் இறங்கியது. நான் மணல் மட்டையை உருவிக்கொண்டு நடந்தேன். அடுத்த அடி என்னுடையது.